மென்பொருள் நோயாளிக்கு உதவியதா? ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் வழி

‘புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. 93 சதவீதம் டாக்டர்களின் முடிவோடு ஒத்துப்போகிறது.’ இந்த மாதிரிச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் என் அக்கா மகன் எனக்கு அனுப்பி, “சித்தி, இது நிஜமா?” என்று கேட்பான். அவன் நர்சிங் படிக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவம் படிக்காதவர்களும் இதைச் செய்யலாம். ஒரு மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பக்கவாத ஆய்வுகளில் எனக்கு வேலை. நோயாளிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆனதும் போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்துப் பதிவு செய்வேன். அவருக்கு எந்தச் சிகிச்சை கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அங்கிருந்துதான் புற்றுநோய் மென்பொருள் ஆய்வுகளையும் பார்க்கிறேன். பக்கவாதத்தில் நாங்கள் கேட்கும் கேள்வியை அந்த ஆய்வுகளிடமும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் செய்தியை மூடிவிட்டு மூலக் கட்டுரையைத் தேடுங்கள். செய்தியில் மருத்துவமனை பெயர், நோயின் பெயர், மென்பொருளின் பெயர் இருக்கும். இந்த மூன்றையும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தில் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். முழுக் கட்டுரை காசு கேட்கும், பரவாயில்லை. முன்னால் உள்ள சுருக்கம் இலவசம். அதில் ‘பிரைமரி அவுட்கம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே ‘இதைத்தான் அளக்கப்போகிறோம்’ என்று அறிவிக்கும் முதன்மை விளைவு அது. கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்த வரியைப் படியுங்கள்.

எதை எண்ணினார்கள்?

மென்பொருள் ஆய்வுகளில் எண்ணப்படுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மென்பொருளும் டாக்டரும் ஒரே பதில் சொன்னார்களா என்று எண்ணலாம். வேலை சீக்கிரம் முடிந்ததா என்று எண்ணலாம். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எண்ணலாம். செய்தித் தலைப்பில் இவை மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

அந்த 93 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஐபிஎம் நிறுவனத்தின் ‘வாட்சன் ஃபார் ஆன்காலஜி’ என்ற மென்பொருள் அது. 2011இல் ‘ஜெபர்டி’ என்ற அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியில் ஜெயித்த வாட்சன் கம்ப்யூட்டரின் பெயரில் வந்தது. இதற்குப் பயிற்சி கொடுத்தவர்கள் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர்கள். பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகள் 638 பேரின் விவரங்களை அதில் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டுரை 2018இல் ‘அனல்ஸ் ஆஃப் ஆன்காலஜி’ இதழில் வந்தது.

இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் பிரிப்போம், ஏனென்றால் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வாட்சன் ஒரே ஒரு சிகிச்சையைச் சொன்னதில்லை. சில சிகிச்சைகளைப் பச்சை நிறத்தில் ‘பரிந்துரை’ என்றும், சிலவற்றை ஆரஞ்சு நிறத்தில் ‘பரிசீலிக்கலாம்’ என்றும், சிலவற்றைச் சிவப்பில் ‘வேண்டாம்’ என்றும் காட்டியது. டாக்டர்கள் குழு தேர்ந்தெடுத்த சிகிச்சை பச்சையில் இருந்தாலும் ஆரஞ்சில் இருந்தாலும் ‘ஒத்துப்போனது’ என்றே கணக்கு. ஆகவே ‘ஒத்துப்போதல்’ என்று எங்கே பார்த்தாலும், எவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் ஒத்துப்போனதாக எடுத்துக்கொண்டார்கள் என்று தேடுங்கள். வழிமுறை பற்றிய பகுதியில் அது எழுதியிருக்கும்.

அடுத்தது, முதல் சுற்றில் கிடைத்தது 93 இல்லை, 73 சதவீதம். நோயாளிகள் 2014 முதல் 2016 வரை வந்தவர்கள். வாட்சன் பதில் சொன்னது 2016இல். இடையில் மருத்துவம் மாறியிருக்கலாம் என்பதால், ஒத்துப்போகாதவர்களின் ஃபைல்களை மட்டும் டாக்டர்கள் குழு மறுபடி பார்த்தது. பழைய முடிவும் வாட்சனின் முடிவும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. அப்புறம்தான் 93 ஆயிற்று. மறைத்து வைத்துப் பார்த்தது நல்ல முறை, அதை மதிக்கிறேன். ஆனால் முதலிலேயே ஒத்துப்போன ஃபைல்களை யாரும் திரும்பத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவற்றிலும் சில மாறியிருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தும்போது எண் மேலே போக மட்டுமே முடியும். இது கட்டுரையிலேயே வெளிப்படையாக இருக்கிற விஷயம். தலைப்பில்தான் காணாமல் போகிறது.

மூன்றாவது, மொத்த சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் நிலைப் புற்றுநோயில் 97, 95 என்று உயரமாக இருந்த எண், முதல் நிலையில் 80க்கும் நான்காம் நிலையில் 86க்கும் இறங்கியது. வழிகாட்டி நெறிமுறைகள் தெளிவாக உள்ள இடத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. உதவி தேவைப்படுவதெல்லாம் முடிவெடுக்கக் கஷ்டமான இடத்தில்தான்.

இப்போது இதே மென்பொருளை வேறு ஊரில் பார்ப்போம். தென்கொரியாவின் இன்ச்சான் நகரில் கில் மருத்துவ மையத்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 656 பேரை வைத்துப் பார்த்தபோது ஒத்துப்போனது 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மென்பொருள் கெட்டுப்போய்விட்டதா? கொரிய டாக்டர்களுக்கு வேலை தெரியவில்லையா? இரண்டும் இல்லை. அங்கே இரைப்பைப் புற்றுநோய்க்குச் செய்த ஒப்பீட்டில் காரணம் பளிச்சென்று தெரிந்தது. கொரியாவில் வழக்கமாகக் கொடுக்கும் ‘எஸ்-1’ என்ற மாத்திரை அமெரிக்காவில் வழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் கொடுக்கும் சில மருந்துகளுக்குக் கொரியாவின் தேசியக் காப்பீட்டில் பணம் வராது. நியூயார்க்கில் கற்ற மென்பொருள் நியூயார்க் பதிலைச் சொன்னது. நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இரண்டு ஊரிலும் எண்ணியது என்ன? ஒப்புதலை. இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் அந்தப் பதில் சரி என்று ஆகிவிடாது. டாக்டரோடு 100 சதவீதம் ஒத்துப்போகும் மென்பொருளால் நோயாளிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. டாக்டரிடமிருந்து விலகும் இடத்தில்தான் அது உதவ முடியும், அல்லது கெடுக்க முடியும். எது நடந்தது என்று அறிய ஒரே வழி, அந்த நோயாளிகள் பின்னர் எப்படி இருந்தார்கள் என்று பார்ப்பது. ஒப்புதல் ஆய்வில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

பின்கதை சுருக்கம்தான். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம் வாட்சனை வைத்துத் தனியாகச் செய்த திட்டத்தில் 6 கோடியே 20 லட்சம் டாலர் செலவழித்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தாமலே நிறுத்தியது. 2018இல் ‘ஸ்டாட்’ செய்தி நிறுவனம் ஐபிஎம்மின் உள்ஆவணங்களை வெளியிட்டது. கடும் ரத்தப்போக்கு உள்ள ஒருவருக்கு, ரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடிய பெவசிசுமாப் என்ற மருந்தை மென்பொருள் பரிந்துரைத்த ஒரு கேஸ் அதில் இருந்தது. அது சோதனைக்காகக் கற்பனையாக உருவாக்கிய கேஸ், நிஜ நோயாளி இல்லை என்று விளக்கம் வந்தது. 2022இல் ஐபிஎம் அந்தச் சுகாதாரப் பிரிவின் சொத்துகளை விற்றுவிட்டது.

பக்கவாதத்தில் எப்படிக் கேட்கிறோம்

இனி என் வேலை. பக்கவாத ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலை ராங்கின் அளவுகோல் என்போம். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் ராங்கின் 1957இல் கொடுத்தது, பின்னால் கொஞ்சம் மாற்றியமைத்தார்கள். 0 என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. 1 என்றால் சின்னக் குறை உண்டு, ஆனால் பழைய வேலை எல்லாம் செய்கிறார். 2 என்றால் முன்பு செய்த சில வேலைகள் முடியவில்லை, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் உதவி வேண்டும், நடப்பது மட்டும் தனியாக. 4க்கு நடக்கவும் ஆள் வேண்டும். 5 படுக்கை. 6 மரணம்.

கேட்க எளிதாக இருக்கிறது. போனில் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

மனைவிதான் பெரும்பாலும் எடுப்பார். “நல்லா இருக்காரும்மா, சாப்பிடுறாரு, தூங்குறாரு.” அதை அப்படியே எழுதினால் 1 போடத் தோன்றும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். சட்டைப் பொத்தான் யார் போடுகிறார்கள்? பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறாரா, வாசலில் யாராவது நிற்கிறீர்களா? மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா? டீக்கடை வரைக்கும் போய் வருகிறாரா? அங்கேதான் அந்தப் பதில் வரும்: “அவரால முடியும்மா. நாங்கதான் விடுறதில்ல.” இப்போது 2 போடுவதா, 3 போடுவதா? உடம்பு முடியாமல் உதவி வாங்குகிறவருக்கும், பாசத்தில் உதவி கொடுக்கப்படுகிறவருக்கும் எண் வேறு. அதனால் இன்னொரு கேள்வி உண்டு: “நீங்க எல்லாரும் ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டா, அவர் தனியா இருந்துப்பாராம்மா?” பெரும்பாலும் ஒரு நிமிடம் பேச்சே வராது. பிறகு வரும் பதில்தான் உண்மையான பதில்.

நோயாளி பெண்ணாக இருந்தால் கேள்விகள் மாறும். வங்கிக்குப் போகிறாரா என்று கேட்டுப் பயனில்லை, முன்பும் கணவர்தான் போயிருப்பார். காய் நறுக்குகிறாரா, அடுப்பில் பாத்திரம் இறக்குகிறாரா, ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நிற்கிறாரா, வாசலில் கோலம் போடுகிறாரா என்று கேட்க வேண்டும். அளவுகோல் ஒன்றுதான், ஆனால் அதை வாழ்க்கைக்குப் பொருத்திக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

சில வீட்டில், “அந்தப் புது ஊசி போட்டீங்களே” என்று ஆரம்பிப்பார்கள். உடனே, “அம்மா, அதைச் சொல்லாதீங்க, எனக்குத் தெரியக் கூடாது” என்று தடுத்துவிடுவேன். புது ஊசி என்று தெரிந்தால் என் காது நல்ல பதிலைத் தேட ஆரம்பித்துவிடும். நேர்மையான ஆட்களுக்கும் இது நடக்கும். கட்டுரையில் ‘பிளைண்டட் அசெஸ்மென்ட்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். விளைவை மதிப்பிட்டவருக்குச் சிகிச்சை தெரியுமா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள்.

2க்கும் 3க்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். மூளை ரத்தக்குழாயிலிருந்து ரத்தக்கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை பற்றி நெதர்லாந்தில் 500 நோயாளிகளோடு நடந்த ‘மிஸ்டர் கிளீன்’ ஆய்வு 2015இல் வெளியானது. 90ஆம் நாளில் 0 முதல் 2 வரை இருந்தவர்கள், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 32.6 சதவீதம், பெறாதவர்களில் 19.1 சதவீதம். தனியாக வாழ முடிகிறவர்கள் நூற்றுக்கு 13 பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். மரண எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. யாரும் போன் செய்து கேட்காமல் மரணத்தை மட்டும் எண்ணியிருந்தால், இந்தச் சிகிச்சையால் பயனே இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசிக்கு வழி திறந்த 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு இரண்டு பகுதியாக நடந்தது. முதல் பகுதியின் கேள்வி, 24 மணி நேரத்தில் முன்னேற்றம் உண்டா என்பது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. இரண்டாம் பகுதி மூன்றாம் மாதத்தில் கேட்டது. குறையே இல்லாமல் அல்லது மிகக் குறைவான குறையோடு இருந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் தெளிவாக அதிகம். அதே கட்டுரை கெடுதலையும் மறைக்கவில்லை: நிலையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். நன்மை, தீமை இரண்டுக்கும் எண் கொடுக்கும் கட்டுரையை நம்பிப் படிக்கலாம்.

பக்கவாத மென்பொருளுக்கும் அதே கேள்வி

என் துறை என்பதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். சிடி ஸ்கேனைப் பார்த்து, பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று டாக்டரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும் ‘விஸ்’ மென்பொருளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் அனுமதி கொடுத்தது. அந்த மாதிரி மென்பொருளை ஹூஸ்டனில் 4 பக்கவாத மையங்களில் ஒவ்வொன்றாக இயக்கி, இயக்குவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். எந்த மையம் எப்போது தொடங்கும் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். 243 நோயாளிகள். மருத்துவமனை வாசலிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை ஆகும் நேரம் சுமார் 11 நிமிடம் குறைந்தது. பக்கவாதத்தில் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை, ஆகவே இது நல்ல செய்திதான். ஆனால் இங்கே முதன்மையாக எண்ணியது நேரம். படிக்கும்போது பக்கத்தில் ‘நேரம்’ என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

சீனாவின் ‘கோல்டன் பிரிட்ஜ் 2’ ஆய்வு இன்னும் ஒரு படி போனது. 77 மருத்துவமனைகள், 21,603 நோயாளிகள். எம்ஆர்ஐயைப் படித்து, பக்கவாதத்தின் காரணத்தை வகைப்படுத்தி, சிகிச்சை யோசனையும் சொல்லும் மென்பொருள். நோயாளிகளை ஒவ்வொருவராகப் பிரிக்காமல் முழு மருத்துவமனையையே குலுக்கலில் பிரித்தார்கள். அது சரியான முறை, ஏனென்றால் காலையில் மென்பொருளோடு வேலை பார்த்த டாக்டர், மாலையில் அது இல்லாத நோயாளியைப் பார்க்கும்போது கற்றதை மறந்துவிட மாட்டார். மூன்று மாதத்துக்குள் புதிதாக மாரடைப்பு, மறுபடி பக்கவாதம் போன்றவை வந்தவர்கள், மென்பொருள் இருந்த பக்கம் 2.9 சதவீதம், இல்லாத பக்கம் 3.9 சதவீதம். 2024 பிப்ரவரியில் சர்வதேசப் பக்கவாத மாநாட்டில் இதை அறிவித்தார்கள்.

இங்கே ஒரு கணக்குப் பழக்கம் வேண்டும். இதையே ‘26 சதவீதம் குறைந்தது’ என்று எழுதலாம், 3.9இல் 1 என்பது ஏறக்குறைய கால் பங்கு. ‘நூற்றில் ஒருவருக்குத் தவிர்க்கப்பட்டது’ என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. நீங்கள் எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, நூற்றுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். நூற்றில் ஒருவர் என்றாலும், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எண்ணிய ஆய்வு இது. எனக்கு அந்த 93ஐ விட இந்த 1 பெரியது.

புற்றுநோயிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள், அதுவும் வாட்சனுக்குப் பாடம் சொன்ன அதே மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில். பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 766 பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தினர் வாந்தி, வலி, மூச்சிரைப்பு என்று 12 அறிகுறிகளை ஒரு இணையப் படிவத்தில் தாங்களே பதிவார்கள். கூடினால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். அவ்வளவுதான் மென்பொருள். முதன்மையாக எண்ணியது வாழ்க்கைத் தரம், அது மேம்பட்டது. பிறகு ஆயுளையும் பார்த்தார்கள்: இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26 மாதம். 2017இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில சரிபார்ப்புகள்

நம் நாட்டு ஆய்வு என்றால், இங்கே நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிந்து வைக்கும் சிடிஆர்ஐ என்ற இணையப் பதிவேட்டில் தேடுங்கள். 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிந்தார்களா, பின்னால் பதிந்தார்களா என்று அதிலேயே இருக்கும். பதிவில் உள்ள முதன்மை விளைவும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் காரணம் சொல்லியிருக்க வேண்டும்.

மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கிறதா? அது தப்புச் சொன்ன இடங்களை ஆராய்ந்திருக்கிறார்களா? செயற்கை நுண்ணறிவு ஆய்வுகளுக்காக 2020இல் வந்த ‘கன்சார்ட்-ஏஐ’ நெறிமுறை இதையெல்லாம் எழுதச் சொல்கிறது. பணம் யார் கொடுத்தது, ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்த நிறுவனத்து ஊழியர்கள் என்பது கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதனால் மட்டும் ஆய்வைத் தள்ளிவிடாதீர்கள், தெரிந்துகொண்டு படியுங்கள்.

பயன் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளையும் தேடிப் படியுங்கள். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு, லூதியானா சிஎம்சியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் தலைமையில் ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு நடந்தது. வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்துப் பிசியோதெரபி செய்தால் நோயாளி தேறுவாரா என்பது கேள்வி. எல்லாருக்கும் பிடித்த யோசனை. ஆறாம் மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ அதை அப்படியே வெளியிட்டது. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஏற்கெனவே அல்லாடும் குடும்பங்களின் தலையில், பலன் இருக்கிறதா என்று தெரியாத ஒரு சுமை ஏறாமல் அது தடுத்தது.

கடைசியாக, உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஒரு ஆய்வில் சேர்ந்திருந்தால் ஒரு வேண்டுகோள். மூன்றாம் மாதம் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். விளம்பரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் பேசட்டும், நோயாளியால் பேச முடிந்தால் அவரும் பேசட்டும். எந்தச் சிகிச்சை என்று சொல்ல வேண்டாம். நடக்கிறாரா, குளிக்கிறாரா, தனியாக இருக்க முடியுமா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல்லுங்கள், டாக்டர் வருத்தப்படுவாரே என்று பார்க்காதீர்கள். நம்பர் மாறினால் ஒப்புதல் படிவத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுப் புது நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.